தங்கத் தலையும் பத்து விரலும்

நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலையைப் பற்றிக் கேள்விப்படாத தமிழ்க் கிறிஸ்தவர்கள் குறைவு. ஞாயிறு பள்ளியில் கதையாகக் கேட்டிருப்பார்கள். கன்வென்ஷன் பந்தலில் துணிப்படமாகப் பார்த்திருப்பார்கள். தலை தங்கம், மார்பு வெள்ளி, வயிறு வெண்கலம், கால் இரும்பு, பாதம் மட்டும் இரும்பும் களிமண்ணும் ஒட்டாமல் கலந்த கலவை. எங்கிருந்தோ ஒரு கல் வந்து பாதத்தில் மோத, தலையோடு சேர்ந்து மொத்தமும் தூளாகிறது. நான்கு உலோகமும் நான்கு பேரரசுகள், நான்காவது ரோம், கடைசிக் காலத்தில் ரோம் மறுபடி எழும், பாதத்தின் பத்து விரல்களும் அதில் சேரும் பத்து நாடுகள் என்று பிரசங்கம் போகும். கோலார் தங்கவயலில் இதைச் சொல்லும் போதகர் தலையைப் பற்றி அதிகம் விளக்க வேண்டியதில்லை. நூறாண்டுக்கு மேலாக, ஏறத்தாழ 800 டன் தங்கத்தைத் தோண்டி வெளியே அனுப்பிய ஊர் அது. அங்கேயும் நேரம் பிடிப்பது விரல்கள்தான்.

வேடிக்கை என்னவென்றால், தானியேல் புத்தகத்தின் அந்த இரண்டாம் அதிகாரத்தில் ரோம் என்ற பெயரே இல்லை. விரல்கள் பத்து என்று யாரும் எண்ணிச் சொல்லவும் இல்லை. தலை பாபிலோன் அரசன் என்பதைத் தவிர வேறெந்த அரசுக்கும் அங்கே பெயர் கிடையாது. அந்த வெற்றிடத்துக்குள் ரோம் எப்படி நுழைந்தது, அங்கிருந்து முசோலினி எப்படி வந்தார், அவருடைய சிப்பாய்கள் பெங்களூர் வரை எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது 2,000 ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு பயணம்.

உலோகங்கள் சிலைக்கு முந்தியவை. கி.மு. 700 வாக்கில் கிரேக்கக் கவிஞர் ஹெசியாட் மனிதத் தலைமுறைகளைத் தங்கம், வெள்ளி, வெண்கலம், இரும்பு என்று இறங்குவரிசையில் அடுக்கிவிட்டு, நடுவே வீரர்களுக்கென்று உலோகமில்லாத ஒரு தலைமுறையையும் செருகினார். பாரசீகத்துச் சமய நூல் ஒன்றில் நான்கு உலோகக் கிளைகள் கொண்ட மரம் வருகிறது. நம்முடைய நான்கு யுகங்களும் இதே சரிவில் இறங்குபவைதான். யார் யாரிடம் வாங்கினார்கள் என்று அறிஞர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். தானியேல் புத்தகம் இன்றைய வடிவை அடைந்தது கி.மு. 165-ஐ ஒட்டி என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. அப்போது எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி யூதர்களை வாட்டிக்கொண்டிருந்தவன் நான்காம் அந்தியோகஸ் என்ற கிரேக்க வம்சத்து அரசன். ஆகவே அன்றைய வாசகருக்கு இரும்பு என்றால் அலெக்சாந்தருக்குப் பின்வந்த கிரேக்க ஆட்சி. ஒட்டாத இரும்பும் களிமண்ணும் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட இரு கிரேக்க வம்சங்கள். ஒன்றுக்கொன்று பெண் கொடுத்து, பெண் எடுத்து, அப்படியும் ஒட்டவில்லை. ரோம் அப்போது மேற்கே வளர்ந்துகொண்டிருந்த வேறொரு கதை.

கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேமை எரித்ததும் கணக்கு மாறியது. அடுத்த முப்பது ஆண்டுக்குள் எழுதப்பட்ட ஒரு யூத நூலில், எஸ்ராவின் பெயரால் பேசும் ஆசிரியர் மூன்று தலைக் கழுகு ஒன்றைக் காண்கிறார். தானியேலுக்குக் காட்டப்பட்ட நான்காம் அரசு இதுதான், ஆனால் இந்த விளக்கம் அவருக்குத் தரப்படவில்லை என்று அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லப்படுகிறது. பழைய தீர்க்கதரிசனத்துக்கு வெளிப்படையாகத் திருத்தப் பதிப்பு போட்டவர் என்ற பெருமை அவருக்கே. இன்னொருவர் வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ். யூதப் படைத்தலைவராக இருந்து சரணடைந்து, ரோமப் பேரரசர் வெஸ்பாசியனின் தயவில் ரோமில் வாழ்ந்தவர். நேபுகாத்நேச்சாரின் கனவைத் தலை முதல் கால் வரை சொல்லிவந்தவர், கல்லுக்கு வந்ததும், நடந்ததை எழுதுவதே என் வேலை, நடக்கப்போவதை அல்ல என்று நழுவிவிட்டார். சோறு போடும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த வீடு இடியும் நாளை எப்படி எழுதுவது?

அதே வெஸ்பாசியன் அரண்மனையோடு நெருக்கமாக இருந்த பிளினி என்பவருக்கு வேறு கவலை. மிளகுக்கும் முத்துக்கும் மெல்லிய துணிக்கும் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸை இந்தியா உறிஞ்சிக்கொள்கிறது என்று புலம்பினார். அந்தப் பணத்தில் ஒரு கை தங்கவயலுக்கு மேற்கே நூறு கிலோமீட்டர் தொலைவில் புதைந்து கிடந்தது. 1891-இல் பெங்களூர் யஷ்வந்த்பூரில் ரயில் பாதைக்கு மண் வெட்டியபோது 163 ரோம வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கோயம்புத்தூர்ப் பக்கத்துப் புதையல்களிலும் அடிக்கடி தலைகாட்டுபவை அகஸ்டஸ், திபேரியஸ் காசுகள். அகஸ்டஸ் காசில் அவர் கடவுளாக்கப்பட்டவரின் மகன். திபேரியஸ் காசில் அவர் தலைமைக் குரு. வரி கட்டலாமா என்று கேட்டவர்களிடம் ஒரு காசைக் காட்டச் சொல்லி இயேசு பதிலளித்தாரே, அது இந்தத் திபேரியஸ் காசு என்பதே மரபான நம்பிக்கை. ரோம் தன்னைத் தெய்வீகம் என்று அச்சடித்த சான்று, அதன் நான்காம் இடம் முடிவாகும் முன்பே தென்னிந்திய மண்ணுக்கு வந்துவிட்டது. இங்கே அதை வாங்கியவர்கள் எடை பார்த்தார்கள்; வாசகத்தைப் படித்திருப்பார்கள் என்று தோன்றவில்லை.

மூன்றாம் நூற்றாண்டில் போர்ஃபிரி என்ற தத்துவவாதி, தானியேல் புத்தகம் அந்தியோகஸ் காலத்தில் எழுதப்பட்டது, முன்னறிவிப்பெல்லாம் நடந்ததைப் பார்த்து எழுதியவை என்று வாதிட்டார். 448-இல் பேரரசின் ஆணைப்படி அவர் நூல் எரிக்கப்பட்டது. அவர் சொன்னது நமக்குத் தெரிவதே, மறுப்பதற்காக அவரை விரிவாக மேற்கோள் காட்டிய ஜெரோமின் புண்ணியத்தில். 407-இல் ஜெரோம் எழுதிய அந்த விளக்கவுரையில், பிற இனத்தாரின் உதவியில் நிற்கும் இன்றைய ரோம்தான் களிமண் பாதம் என்ற குறிப்பும் இருந்தது. அப்போது ரோமின் உண்மையான அதிகாரம் ஸ்டிலிகோவிடம். அவர் தந்தை ஒரு வண்டால். இந்தக் குறிப்பு மேலிடத்தில் ரசிக்கப்படவில்லை என்று தெரிகிறது. ஸ்டிலிகோ 408-இல் கொல்லப்பட்டார். 410-இல் ரோம் சூறையாடப்பட்டது.

நான்காம் அரசு விழுந்தால் உலகம் முடிய வேண்டும். முடியவில்லை. இங்கேதான் மன்னர்கள் கதைக்குள் வருகிறார்கள்: ரோம் விழவில்லை, இடம் மாறியிருக்கிறது. 800-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் போப்பாண்டவர் சார்லிமேன் தலையில் முடிசூட்டினார். 950 வாக்கில் அட்சோ என்ற துறவி பிராங்க் அரசிக்கு எழுதிய கடிதத்தில், பிராங்க் மன்னர்கள் இருக்கும்வரை ரோம் முழுதாக அழியாது, அதுவரை அந்திக்கிறிஸ்துவும் வரமாட்டான் என்று தைரியம் சொன்னார். அரண்மனைக்கு இதைவிட வசதியான வேதவிளக்கம் கிடைக்காது. கான்ஸ்டான்டிநோபிளைப் பிடித்த இரண்டாம் மெஹ்மத் சுல்தான் தன்னை ரோமின் கைசர் என்றார். பதினாறாம் நூற்றாண்டில் ரஷ்யத் துறவி ஃபிலோஃபேய், மாஸ்கோவே மூன்றாம் ரோம், நான்காவது வராது என்று எழுதிவிட்டார். மார்ட்டின் லூத்தருக்கோ அந்திக்கிறிஸ்து போப்பாண்டவர்தான். 1661 ஜனவரியில் லண்டனில் தாமஸ் வென்னர் என்ற பீப்பாய்த் தொழிலாளி, சிலையை உடைக்கும் கல் நாங்கள்தான் என்று சுமார் ஐம்பது பேரோடு ஆயுதம் தூக்கித் தூக்கில் முடிந்தார். ஆள்பவர்கள் தங்களைத் தலை என்று படித்தார்கள். ஆளப்படுபவர்கள் அதே படத்தில் பாதத்தையும் கல்லையும் பார்த்தார்கள். இதற்குப் பிந்திய கதையெல்லாம் இந்த இரண்டு பார்வைக்கும் இடையில்தான் நடக்கிறது.

1806-இல் நெப்போலியனுக்குப் பயந்து கடைசிப் புனித ரோமப் பேரரசர் தன் பட்டத்தையே கலைத்தார். அத்தோடு முடிந்திருக்க வேண்டிய கதைக்குப் புத்துயிர் கொடுத்தது ஒரு திருட்டு வேஷம். சிலே நாட்டிலிருந்து நாடுகடத்தப்பட்ட மானுவேல் லகுன்சா என்ற இயேசு சபைப் பாதிரியார், இத்தாலியில் உட்கார்ந்து, மதம் மாறிய யூதர் என்ற புனைபெயரில் இறுதிக்காலம் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். அதை எட்வர்ட் எர்விங் என்ற ஸ்காட்டிஷ் போதகர் 1827-இல் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். கத்தோலிக்கர் எழுதி, யூதர் பெயரில் அச்சாகி, புரொட்டஸ்டன்டுகளிடம் விற்பனையானது. அடுத்த சில ஆண்டுகளில் டப்ளினுக்கு அருகே பவர்ஸ்கோர்ட் மாளிகையில் கூடிய கூட்டங்களில் ஜான் நெல்சன் டார்பி புதிய கணக்கைச் செதுக்கினார்: தீர்க்கதரிசனக் கடிகாரம் நடுவே நின்றுபோயிருக்கிறது, மறுபடி ஓடும்போது ரோம் பத்து அரசுகளின் கூட்டாகத் திரும்பி வரும். ரோமுக்குப் பிந்திய எல்லாக் குழப்பத்தையும் ஒரே அடியில் தாண்டிக் குதிக்கும் ஏற்பாடு. புத்திசாலித்தனமானது, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

டார்பி சார்ந்திருந்த சகோதர சபை இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவர் பல் மருத்துவர் அந்தோணி நோரிஸ் குரோவ்ஸ். 1829-இல் மிஷனரியாக அவர் போன ஊர் பாக்தாத், நேபுகாத்நேச்சாரின் பாபிலோனுக்குப் பக்கத்து ஊர். 1831-இன் கொள்ளைநோயில் மனைவியைப் பறிகொடுத்தார். 1833-இல் இந்தியா வந்தார். பிறகு சித்தூரில் பண்ணை வைத்துக் குடியேறினார். தங்கவயலுக்குப் பின்னாளில் ஆட்கள் போன மாவட்டங்களில் சித்தூரும் ஒன்று. குரோவ்ஸோடு சேர்ந்து உழைத்தவர் திருநெல்வேலிச் சீமையின் ஜான் அருளப்பன். வெளிநாட்டுச் சம்பளம் வாங்காமல் கிறிஸ்டியான்பேட்டையில் அவர் அமைத்த சபையில் 1860-இல் எழுந்த எழுப்புதலை, அந்நிய பாஷை பேசியது உட்பட, பெந்தெகொஸ்தே வரலாற்றாசிரியர்கள் இன்றும் தேடிப் படிக்கிறார்கள்.

ஐரோப்பாவில் அப்போது மூன்றாம் நெப்போலியனே மறுபடி எழும் ரோமின் தலைவன் என்று மைக்கேல் பாக்ஸ்டர் என்ற ஆங்கிலேயர் நூல் எழுதி விற்றுக்கொண்டிருந்தார். நெப்போலியன் 1870-இல் ஜெர்மானியரிடம் தோற்று, 1873-இல் இங்கிலாந்தில் அகதியாக இறந்தார். பாக்ஸ்டர் சளைக்கவில்லை, புதிய தேதிகள் கொடுத்தார். அதே 1873-இல், நியூசிலாந்துப் போரில் பணியாற்றிவிட்டுப் பெங்களூர்க் கண்டோன்மென்டில் ஓய்வாக இருந்த மைக்கேல் லாவெல் என்பவர், கோலாரில் தங்கம் தேட மைசூர் அரசிடம் அனுமதி கேட்டார். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூர், சேலம் பக்கத்திலிருந்தும் தமிழர்கள், பெரும்பாலும் ஆதிதிராவிடர்கள், சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். கார்ன்வால்காரர்கள் மேஸ்திரிகளாக வந்தார்கள். கூடவே இத்தாலியச் சுரங்கத் தொழிலாளர்களும் வந்தார்கள்; வெள்ளைத் தோல்தான், ஆனால் ஆங்கிலேயரின் வரிசையில் கடைசி. சாம்பியன் ரீஃபில் வெற்றி அன்னை கோயில் எழுந்தது. அதே சாம்பியன் ரீஃபில், சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்தமும் வேர்விட்டது. சித்தார்த்தா அச்சகம் அவர் நூல்களை அங்கிருந்து அச்சிட்டது. ஆக, யார் தலை, யார் பாதம் என்ற கேள்விக்கு வேதாகமத்துக்கு வெளியேயும் பதில் தேடிய ஊர் தங்கவயல். 1930-இல் தொழிலாளர்களிடம் கட்டாயமாகக் கைரேகை எடுக்கக் கம்பெனி முயன்றபோது சுரங்கங்கள் மூன்று வாரம் போல நின்றன. கையில் முத்திரை என்ற வெளிப்படுத்தல் வசனத்தை அப்போது யாராவது நினைத்துக்கொண்டார்களா என்று கேட்கத் தோன்றும். போராட அவர்களுக்கு அந்த வசனம் தேவைப்பட்டிருக்காது.

1909-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட ஸ்கோஃபீல்டு வேதாகமம் டார்பியின் கணக்கை வசனத்துக்கு அடியிலேயே குறிப்பாக அச்சிட்டது. பல வாசகர்களுக்கு எது வசனம், எது குறிப்பு என்ற வித்தியாசமே மங்கியது. மேடை தயார். 1922-இல் நடிகரும் வந்தார்.

முசோலினியின் ரோம், ஒட்டுப்போட்டுத் தைத்த ரோம். கட்சிக்குப் பெயர் தந்தது ரோம அதிகாரிகளுக்கு முன்னால் தூக்கிச்சென்ற பிரம்புக் கட்டும் கோடரியும். அதுவே எத்ருஸ்கர்களிடமிருந்து ரோம் எடுத்துக்கொண்டது. கையை நீட்டும் ரோம வணக்கத்துக்குப் பழைய ரோமில் உறுதியான சான்று இல்லை. 1784-இல் பிரெஞ்சு ஓவியர் டேவிட் வரைந்த ஒரு சபதக் காட்சியிலிருந்து நாடகத்துக்கும், 1914-இன் கபிரியா போன்ற மௌனப் படங்களுக்கும் போய், 1919-இல் ஃபியூமே நகரைப் பிடித்த கவிஞர் தன்னுன்சியோவின் கூத்துக்கு வந்து, அங்கிருந்து கட்சிக்கு வந்தது. 1938-இல் அறிமுகமான ரோம நடை, பிரஷ்யச் சிப்பாய்களின் நடை. ரோம் பிறந்த நாளாகச் சொல்லப்படும் ஏப்ரல் 21 விடுமுறையானது. 1934-இல் பழைய பசிலிக்காவின் சுவரில் ரோம் வளர்ந்த கதையை நான்கு பளிங்கு வரைபடங்களாகப் பதித்தார்கள்.

சாம்ராஜ்யம் என்றால் கொஞ்சம் நிலமாவது பிடிக்க வேண்டும். 1935 அக்டோபரில் இத்தாலி அபிசீனியாவுக்குள், அதாவது எத்தியோப்பியாவுக்குள், நுழைந்தது. சர்வதேச சங்கம் பொருளாதாரத் தடை போட்டது. டிசம்பர் 18 அன்று, நாட்டுக்குத் தங்கம் தாருங்கள் என்ற அழைப்புக்கு இணங்கி, அரசி எலேனா முதலாக லட்சக்கணக்கான பெண்கள் திருமண மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது இரும்பு மோதிரம். ஆயர்கள் அந்த மோதிரங்களை ஆசீர்வதித்தார்கள். நாடகாசிரியர் பிரண்டெல்லோ தன் நோபல் பதக்கத்தைக் கொடுத்தார். தங்கத்திலிருந்து இரும்புக்கு இறங்கும் சிலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் நடித்துக் காட்டியதில்லை. 1936 மே 9 இரவு, ரோமின் குன்றுகளில் பேரரசு மறுபடி தோன்றிவிட்டது என்று முசோலினி மாடத்திலிருந்து அறிவித்தார். சுவரில் ஐந்தாவது வரைபடம் ஏறியது.

இதற்கு மதம் சொன்ன பொருள் ஒன்றல்ல. போப்பாண்டவர் பதினோராம் பத்திநாதர் 1929-இல் முசோலினியோடு லாத்தரன் ஒப்பந்தம் செய்து, கடவுளின் ஏற்பாட்டால் எதிர்ப்பட்ட மனிதர் என்ற பொருளில் பேசினார்; இரண்டே ஆண்டில், அரசைத் தெய்வமாக்கும் புறமதத்தனம் என்று பாசிசத்தைக் கண்டித்துச் சுற்றறிக்கையும் விட்டார். மிலான் கர்தினால் ஷுஸ்டர் 1935-இல் தன் பேராலயத்தில், படைகள் எத்தியோப்பியாவுக்குச் சிலுவையைக் கொண்டுபோவதாகப் பிரசங்கித்தார். எத்தியோப்பியா நான்காம் நூற்றாண்டிலிருந்தே கிறிஸ்தவ நாடு என்பது அவருக்குத் தெரியாததல்ல. மறுபக்கம் டொரன்டோவின் ஆஸ்வால்டு ஸ்மித் 1920-களிலேயே, முசோலினிதான் அந்திக்கிறிஸ்துவோ என்று நூல் எழுதிவிட்டார். பெல்ஜியத்தில் ஊழியம் செய்த நார்ட்டன் தம்பதி முசோலினியையே பேட்டி கண்டு, ரோமப் பேரரசை மறுபடி நிறுவும் எண்ணம் உண்டா என்று கேட்டார்கள். வேதாகமத்தில் அப்படி வருகிறது என்று சொன்னதும் அவர் ஆவலோடு எந்த இடத்தில் என்று விசாரித்தாராம். வெளிப்படுத்தல் சொல்லும் மிருகத்திடமே போய் மிருகம் நீதானா என்று கேட்ட துணிச்சலை நான் மெச்சுகிறேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டிருப்பாரோ என்ற சந்தேகமும் எனக்கு உண்டு.

இந்தியாவிலிருந்தும் பார்வையாளர்கள் போனார்கள். 1931 மார்ச்சில் இந்து மகாசபையின் பி.எஸ். மூஞ்சே முசோலினியைச் சந்தித்து, சிறுவர்களுக்கு ராணுவப் பயிற்சி தரும் பலில்லா அமைப்பைப் பார்த்து வியந்தார். 1937-இல் நாசிக்கில் போன்ஸ்லா ராணுவப் பள்ளி தொடங்கினார். அதே 1931 டிசம்பரில் காந்தியும் முசோலினியைச் சந்தித்தார். போப்பாண்டவர் காந்தியைச் சந்திக்கவில்லை. 1936-இல் காங்கிரஸ் அபிசீனியா நாள் கடைப்பிடித்தது.

புதிய ரோம் ஐந்தே ஆண்டுதான் நின்றது. 1940 ஜூன் 10 அன்று இத்தாலி போரில் குதித்ததும், பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் எதிரி நாட்டவர் ஆனார்கள். அந்த டிசம்பரில் எகிப்துப் பாலைவனத்திலும், 1941 மார்ச்சில் எரித்ரியாவின் கெரன் மலையிலும் இத்தாலியப் படையை உடைத்தவர்களில் இந்தியச் சிப்பாய்கள் முன்னணியில் இருந்தார்கள். தலைநகர் அடிஸ் அபாபாவுக்குள் 1936-இல் இத்தாலியர் நுழைந்த அதே மே 5 அன்று, 1941-இல், எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி அங்கே திரும்பினார். பிடிபட்ட இத்தாலியர்களில் ஆயிரக்கணக்கானோர் கப்பலேறிப் பெங்களூர் முகாம்களுக்கு வந்தார்கள். ஜாலஹள்ளி அவற்றில் ஒன்று. திபேரியஸ் காசு கிடைத்த யஷ்வந்த்பூர் அங்கிருந்து கூப்பிடு தூரம். முதல் ரோமின் வெள்ளி வணிகத்தில் வந்த இடத்துக்கு, புதிய ரோமின் சிப்பாய் கைதியாக வந்து சேர்ந்தான்.

லிபியாவின் லெப்டிஸ் மாக்னா, சப்ராத்தா ஆகிய ரோம நகரங்களைத் தோண்டி நிறுத்தியது முசோலினியின் ஆட்சி; இந்த மண் எங்கள் மூதாதையருடையது என்று காட்டத்தான். 1943-இல் அந்த இடிபாடுகளைப் படைகள் சேதப்படுத்தாமல் காக்க ஏற்பாடு செய்த பிரிட்டிஷ் அதிகாரிகளில் ஒருவர் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர். மறுவருடமே இந்தியத் தொல்லியல் துறைத் தலைவராக வந்தார். மெட்ராஸ் அருங்காட்சியக அலமாரியில் உடைந்த ஆம்போரா ஜாடி ஒன்று கண்ணில்பட, 1945-இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டி, அதை ரோம வணிகத் தளமாக அறிவித்தார். கொஞ்சம் ரோம் அதிகமாகிவிட்டது. விமலா பெக்லி 1989 முதல் 1992 வரை மறுபடி தோண்டியபோது, ரோமச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே உள்ளூர்க் குடியிருப்பு இருந்தது தெளிவானது. எங்கே பார்த்தாலும் ரோமையே காணும் பழக்கம் போதகர்களுக்கு மட்டும் உரியதல்ல.

சுவரிலிருந்து ஐந்தாவது வரைபடத்தை 1945-இல் எடுத்துவிட்டார்கள். நான்கும் இன்னும் இருக்கின்றன. விரல்களுக்கு வேறு ஆள் தேட வேண்டியிருந்தது. 1957 மார்ச் 25 அன்று ஆறு நாடுகள் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை அமைத்தன. எந்த ஊரில் கையெழுத்திட்டிருப்பார்கள்? ரோமில், கபிட்டோலின் குன்றின் மேலேயே. இதற்குப் பிறகு எந்தப் பிரசங்கியாரைத் தடுக்க முடியும்? 1970-இல் ஹால் லிண்ட்ஸே எழுதிய நூல் இந்தக் கணக்கை உலகெங்கும் கொண்டுசென்றது. 1981 ஜனவரி 1 அன்று கிரீஸ் சேர்ந்தபோது உறுப்பினர் சரியாகப் பத்து. ஐந்து ஆண்டு அந்தக் கணக்கு நின்றது. 1986-இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்து பன்னிரண்டாக்கிக் கெடுத்தன.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கவயல் சுரங்கங்கள் மூடப்பட்டன; சயனைடு மணல்மேடுகள் மிச்சம். பத்து மாதம் கழித்து, ரோம் ஒப்பந்தத்தின் வாரிசுகள் யூரோ நோட்டைப் புழக்கத்தில் விட்டார்கள். 2020-இல் பிரிட்டன் கழன்றுகொண்டதால் உறுப்பினர் எண்ணிக்கை இப்போது 27. ஆனால் விண்ணப்பம் போட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் நாடுகளை, கோசோவோவையும் சேர்த்து, 2025-இல் எண்ணிப் பார்த்தால் பத்து வருகிறது.